இரண்டாவது டிஸ்க்கை யார் பார்ப்பார்கள்?

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். நீ மாப்பிள்ளையாக நிற்கப்போகிற கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வரும் தம்பி மூன்று விதமாகத் தருகிறார் என்று சொன்னாய். "ஒண்ணு முழுப்படம்மா, ரெண்டு மணி நேரம். இன்னொண்ணு போன்ல அனுப்பறதுக்கு அஞ்சு நிமிஷத்துல சின்னதா. அப்பறம் எடுத்தது அத்தனையும் வெட்டாம ஒரு ஹார்ட் டிஸ்க்குல. அது எதுக்கும்மா? யாரு உக்காந்து பாக்கப் போறா? வேண்டாம்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றால் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். கல்யாணம் வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. பதில் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் உன் அப்பாதான். அவர் இல்லாததால் நான் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் விட மாட்டேன். முன்னுரை, நன்றியுரை, பிழைதிருத்தம், பின்னட்டையில் இருக்கும் மற்றப் புத்தகங்களின் பட்டியல், எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் மூடுவேன். ஆனால் எழுதினவர் அடித்துவிட்ட வரி இருக்கிறதே, அதன்மேல் எனக்கு மரியாதை இருந்ததில்லை. அவரே வேண்டாம் என்று முடிவு செய்ததை நான் ஏன் தேட வேண்டும்? எதிலும் சுத்தப் பிரதி ஒன்று போதும் என்பது என் எண்ணம். சேலத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலைமேல் வந்தபோது அந்த எண்ணத்தையும் கூடவே கொண்டுவந்தேன். அது எவ்வளவு பெரிய பிடிவாதம் என்பதை நான் தெரிந்துகொள்ள இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் நம் கடை உனக்கு நினைவிருக்கும். முன்பக்கம் சினிமா டிஸ்க் வாடகைக்கு, பின்பக்கம் அப்பாவின் வீடியோ வேலை. சில படங்கள் இரண்டு டிஸ்க்காக வரும். முதலாவதில் படம். இரண்டாவதில் படம் எடுத்த விதம், நீக்கிய காட்சிகள், நடிகர்கள் பேசுவது என்று சில்லறைச் சமாச்சாரங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள் "ரெண்டாவது எதுக்குங்கக்கா, நீங்களே வெச்சுக்கங்க" என்று கவுண்டரிலேயே உருவி வைத்துவிட்டுப் போவார்கள். முதல் டிஸ்க்குகள் எல்லாம் கீறி, தேய்ந்து, பாட்டுக்குப் பாட்டு நின்று நின்று ஓடும். இரண்டாவது டிஸ்க்குகள் வாங்கிய அன்று போலவே பளபளவென்று இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மூடுபனி இறங்கி மத்தியானத்திலேயே எதிர்க்கடை மறைந்துவிடும்போது, ஆள் வராத அந்த நேரத்தில் உன் அப்பா அவற்றைத்தான் போட்டுப் பார்ப்பார். ரப்பர் குழாயில் மழை பெய்ய வைப்பதை, அழுதுகொண்டிருந்த நடிகை 'கட்' என்றதும் டீ கேட்பதை, வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, படம் எடுத்தவனே தூக்கிப் போட்டதை நீங்க எதுக்குப் பொறுக்கிட்டு இருக்கறீங்க?" என்பேன்.

"படத்துல வேஷம்தான் புள்ள தெரியும். இதுல வேலை தெரியுது பாரு."

நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை பார்க்கத் தகுதியற்றவைதான். எல்லோரும் எல்லோரையும் புகழ்வார்கள். எல்லோரும் ஒரே குடும்பம் போல இருந்தோம் என்பார்கள். நீக்கிய காட்சிகளில் பத்துக்கு ஒன்பது, நீக்கியது சரிதான் என்று நிரூபிக்கத்தான் உதவும். இதை உன் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை. "அந்தப் பத்தாவது எதுன்னு முன்னாடியே யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்பார்.

அந்தப் பத்தாவது ஒருமுறை நம் கடைக்கே வந்தது. ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் சமையல் செய்துகொண்டிருந்த மாணிக்கம் அண்ணன் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தருவாரே, அவர்தான். ஒரு படத்தின் ஷூட்டிங் இங்கே நடந்தபோது, கதாநாயகனுக்கு டீ கொண்டுவந்து வைத்து "சர்க்கரை போதுங்களா?" என்று கேட்கும் வேஷம் அவருக்குக் கிடைத்தது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். படம் வந்தது. கீழே சேலத்துக்குப் பஸ் பிடித்துப் பத்துப் பேர் போய்ப் பார்த்தார்கள். அவர் அதில் இல்லை. டீ மட்டும் மேஜைமேல் இருந்தது. அதன்பிறகு அவர் ஒண்டிக்கடைக்கு வந்தாலே பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏனுங்க ஹீரோ, சர்க்கரை போதுங்களா?"

"உடப்பா, அந்த டம்ளருக்கு முன்னாடி நின்னது அண்ணன்தான். கண்ணுக்குத்தான் தெரியல."

இரண்டு வருஷம் கழித்து அந்தப் படத்தின் டிஸ்க் வந்தது. உன் அப்பா இரண்டாவதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து, கடையை என்னிடம் விட்டுவிட்டு, பனியில் ஏரிப் பக்கம் ஓடினார். கையில் கரண்டியோடு நின்ற மாணிக்கம் அண்ணனை அப்படியே கூட்டிவந்தார். நீக்கிய காட்சிகளில் மூன்றாவது அது. அவர் டீயை வைக்கிறார், கேட்கிறார், கதாநாயகன் தலையாட்டுகிறான், அவர் போகிறார். அவ்வளவுதான். மாணிக்கம் அண்ணன் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே நாலு தரம் போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு வெச்சிருக்கோணுங்க" என்று சொன்னார். அந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவே இல்லை. நாலு செகண்டுக்காக ஒரு டிஸ்க் போனது என்று நான் முணுமுணுத்தேன். உன் அப்பா அதைக் கேட்காத மாதிரி கவுண்டரைத் துடைத்தார்.

அவர் எடுக்கும் கல்யாண வீடியோவிலும் இதே வழக்கத்தைக் கொண்டுவந்தார். முதல் டிஸ்க்கில் முகூர்த்தம், பாட்டு, பூ விழும் டிசைன். இரண்டாவதில், வெட்டி எடுத்த மிச்சம் அத்தனையும். யாரும் கேட்காமலே கொடுப்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். "இதுல என்னத்தைங்க பாக்கறது, எங்க சித்தப்பன் மூக்கு நோண்டறதையா?" என்று பாதிப் பேர் அதைக் கடையிலேயே விட்டுப் போவார்கள். அவர் அவற்றை எறிய மாட்டார். வரிசையாக அடுக்கி வைப்பார். மார்க்கர் பேனாவில் வளைத்து வளைத்து '2' என்று போடுவார். அந்த இரண்டின் வால் எப்போதும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். அது ஒன்றல்ல, இரண்டு.

உனக்குக் காது குத்தியதை அவர்தான் எடுத்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ போட்ட கத்தலில் கோயில் மணியே கேட்கவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர், "சாமி, இங்க பாரு. அப்பாவப் பாரு சாமி. இங்க பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் போட்டுப் பார்த்தபோது முழுக்க அவர் குரல்தான். "என்னங்க இது, சந்தைக்கடை மாதிரி இருக்குது. பேச்செல்லாம் எடுத்துட்டு நல்ல பாட்டா ஒண்ணு போடுங்க" என்றேன். அவர் சரி என்றார். முதல் டிஸ்க்கில் புல்லாங்குழல் வந்தது. நீ வாயைத் திறந்து அழுகிறாய், புல்லாங்குழல் ஊதுகிறது. அவர் குரல் இரண்டாவதுக்குப் போனது. அதன்பின் உன் ஸ்கூல் ஆண்டு விழா, நம் ஊட்டுக் கிரகப்பிரவேசம், எல்லாவற்றையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சுத்தம் செய்ய வைத்தேன். புத்தகத்துக்குப் பிழைதிருத்துகிறவள் மாதிரி, இதை எடுங்கள், அதை எடுங்கள் என்று சொல்வேன். அந்த வேலை எனக்கு நொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாவது தவறு, நீ பத்தாவது படித்த வருஷம் நடந்தது. டிஸ்க் எடுக்க ஆள் வருவது நின்றுபோய், கடையின் முன்பக்கத்தைக் காலி செய்தோம். கொட்டச்சேட்டிலிருந்து காளியண்ணன் வந்து, கொய்யாத் தோட்டத்தில் கிளி ஒரு பழத்தையும் விட்டுவைக்க மாட்டேன் என்கிறது, பழைய டிஸ்க் இருந்தால் கொடுங்கள், கட்டித் தொங்கவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடும் என்றார். மலையில் அப்போது எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் தொங்கவிட்டார்கள். உன் அப்பா அன்று ஒரு கல்யாண வேலையாகக் கீழே போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து பொறுமையாகப் பிரித்தேன். '1' எல்லாம் இந்தப் பக்கம், '2' எல்லாம் அந்தப் பக்கம். சினிமா, கல்யாணம், நம் வீடு என்று நான் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தேன். கீறலில்லாமல் பளபளவென்று இருந்தவை இரண்டுகள்தான். கிளியை விரட்ட அவைதானே நல்லது? இரண்டு சாக்கில் கட்டிக் கொடுத்தேன். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தியும் இருந்தது.

அவர் வந்து காலி அலமாரியைப் பார்த்தார். "ரெண்டாவதெல்லாம் எங்க புள்ள?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் அலமாரியின் பலகையைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். "சரி, உடு" என்றார். போய்க் கை கால் கழுவினார். அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளே அவர் காளியண்ணனிடம் போயிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வருஷம் கழியட்டும் என்று தள்ளிப்போட்ட உன் கல்யாணமே வந்துவிட்டது. நான் அழவில்லை என்பதைப் பற்றி நீயும் உன் சித்தியும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அது வைராக்கியம் இல்லை சாமி. உள்ளே ஒன்றும் அசையவில்லை, அவ்வளவுதான். அடுப்பு பற்றவைக்கிறேன், பால் காய்ச்சுகிறேன், இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். இதெல்லாம் யாரோ செய்வதைப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது.

நாலு மாதம் முன்னால் நம் வீட்டில் இருக்கிற டிஸ்க் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் '1'. எதிலும் அவர் இல்லை. கேமரா பிடித்தவர் எப்படி இருப்பார்? ஓரிடத்தில் கட்டைவிரல் வருகிறது. கிரகப்பிரவேசத்தில் சாயங்கால வெயிலில் வாசல்மேல் அவர் நிழல் விழுகிறது. குரல் எங்கேயும் இல்லை. எல்லா இடத்திலும் பாட்டு. அவர் போனில் பேசி அனுப்புகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். 'ம்', 'சரி' என்று எழுதித்தான் அனுப்புவார். அன்றைக்குத்தான் கணக்காகப் புரிந்தது, அவர் குரல் எங்கே இருந்ததோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தவள் நான் என்று.

பஸ் பிடித்துக் கொட்டச்சேடு போனேன். காளியண்ணனுக்கு இப்போது முடி முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க அம்மிணி" என்று தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். கொய்யா மரங்களில் டிஸ்க்குகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பத்து வருஷ வெயிலிலும் மழையிலும் மேல்பூச்சு உரிந்து, கண்ணாடி வில்லை போல ஆகியிருந்தன. ஒன்றைப் பிடித்து அதன் வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் மரம் தெரிந்தது.

"கிளி ஓடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க! மொதல் மாசம் பயந்துச்சு. அப்பறம் அதுலயே மூஞ்சியப் பாத்துட்டுக் கொய்யாவத் திங்குதுங்க. எம்பொண்டாட்டி சொல்லுவா, உங்க தோட்டத்துக் கிளிதான் இந்த மலையிலயே அலங்காரமா இருக்குதுன்னு." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏனுங்க அம்மிணி, இதுல முக்கியமா எதாச்சும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க" என்றேன். உன் அப்பாவின் குரல் இருந்தது என்று சொன்னேன்.

காளியண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஊட்டுக்குள்ள ஒண்ணு இருக்குதுங்க" என்றார். அவர் மகள் ஒரு டிஸ்க்கை எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதில் முகம் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். அவள் கல்யாணமாகிக் குப்பனூருக்குப் போய்விட்டாள். டிஸ்க் அப்படியே சுவரில் இருந்தது. ஓரமெல்லாம் அவள் கழற்றி ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். திருப்பிப் பார்த்தேன். வால் நீண்ட '2'.

உன் காது குத்து இல்லை சாமி. நம் வீட்டு டிஸ்க்கே இல்லை. யாரோ ஒருவருடைய கல்யாணம். பெயர் எழுதியிருந்த இடம் தேய்ந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பொட்டுகளை எடுத்து, துடைத்து, பழைய பிளேயரில் போட்டேன். முன்பாதி ஓடவில்லை. பின்பாதி ஓடியது. யாரென்று தெரியாத மாப்பிள்ளை, யாரென்று தெரியாத பெண். ஆனால் ஓடுகிற நேரம் முழுக்க உன் அப்பா பேசுகிறார். "மாப்ள, தலையக் கொஞ்சம் தூக்குங்க." "பாட்டி, நீங்களும் வாங்க, உங்கள உட்டுட்டு எடுப்பனா?" "அந்தக் கொழந்தைக்கு மொதல்ல தண்ணி குடுங்க, நா அப்பறமா எடுத்துக்கறன்." ஏதோ ஒரு இடத்தில் ஒரு பெண் குரல், "வீடியோக்கார அண்ணா, பந்தி முடியப் போவுது, நீங்க சாப்புடலையா?" என்று கேட்கிறது. அவர் சொல்கிறார்: "இல்லீங்க. பையன் ஸ்கூல் உட்டு வந்துருவான். ஊட்டுக்குப் போயி அவங்கூடச் சாப்புட்டுக்கறன்."

இதைக் கேட்டதும் நான் உடைந்து அழுதேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அழவில்லை. எழுந்துபோய் அரிசி களைந்தேன். சோறு வெந்ததும் திரும்பி வந்து அந்த இடத்தை மறுபடி போட்டேன். இப்போது தினமும் ஒருதரம் போடுகிறேன். அப்போது மட்டும் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது. அந்த டிஸ்க்கை நீ வரும்போது உன்னிடம் தருவேன். கொண்டுபோய் உன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொள். தகடு எத்தனை நாள் தாங்குமோ தெரியாது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வெட்டாமல் இருக்கும் அந்த மிச்சம் பார்க்கத் தகுதியானதா? இல்லை கண்ணு. பார்த்தால் அலுப்பாக இருக்கும். யாரோ செருப்பைத் தேடுவார்கள், மைக் கொய்யென்று கத்தும், கேமரா கால்மணி நேரம் ஒரு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கும். நீயும் வரப்போகிற பெண்ணும் பத்து வருஷத்துக்கு அதைத் தொட மாட்டீர்கள். தொடவும் வேண்டாம். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள். இதைத்தான் போனில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பத்தாவது எது என்று முன்னாடியே எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மேடையில் பெற்றவர்கள் இடத்தில் உன் சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக நிற்பதாக ஏற்பாடு. "நீதாம்மா நிக்கோணும், யாரு என்ன சொன்னாலும் சரி" என்று நீ சண்டை போட்டாய். நான்தான் வேண்டாம் என்றேன். பெண் வீட்டார் நல்லவர்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் முதல் நாளே அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். தைரியம் இல்லாததும் ஒரு காரணம். அதைத் தவறு என்று நீ நினைத்தால், என் தவறுகளில் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள். இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் நான் மனசு மாறிவிடுவேன் என்று பார்த்தேன். மாறவில்லை.

அதனால் அந்த இரண்டு மணி நேரப் படத்தில் நான் இருக்க மாட்டேன். வீடியோக்காரத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. மேடையில் இருப்பவர்களைத்தான் அவர் எடுப்பார். பக்கவாட்டில், மேளக்காரர்களைத் தாண்டி, சமையல்கட்டுக்குப் போகிற வழியில் ஒரு தூண் இருக்கிறது. மண்டபம் பார்க்கப் போன அன்றே கவனித்தேன். நான் அங்கே நிற்பேன். கேமரா இப்படியும் அப்படியும் திரும்பும்போது எப்படியும் ஒரு தரம் அந்தப் பக்கம் வரும். தாலி கட்டி முடித்ததும், மேளம் ஓய்கிற நேரம் பார்த்து, உன்னைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். சத்தமாகத்தான் கூப்பிடுவேன். "சாமி, இங்க பாரு" என்பேன். உனக்குக் கேட்டால் திரும்பிப் பார். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

அந்த இடத்தில் மட்டும் பாட்டுப் போட வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லி வை.

அம்மா